மழை என்று பாடினால் மலை என்று ஏன் கேட்கிறது? கித்தார் பாடலின் மிக்ஸிங் குறித்து

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். வீட்டு மாடி அறையில் நான்கு கித்தார் டிராக் (தனித்தனிப் பதிவு), ஒரு பேஸ் கித்தார், கணினியில் அமைத்த டிரம்ஸ், ஒரு குரல் என்று ஈ மைனரில் ஒரு பாடலைப் பதிவு செய்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து (அதுதான் மிக்ஸிங்) பார்த்திருக்கிறீர்கள். ஹெட்போனில் அது அகலமாகவும் நிறைவாகவும் இருக்கிறது. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள புளூடூத் பெட்டியில் போட்டாலோ சில கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) உரத்தும் சில கார்டுகள் வெறுமையாகவும் ஒலிக்கின்றன, குரல் அமுங்கிவிடுகிறது, பல்லவியில் வரும் "மழை" உங்கள் அக்காவின் காதில் "மலை" என்று விழுந்து, எந்த மலை என்று அவர் கேட்கிறார். குரலின் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) ஏற்றினால் பாடுபவர் வேறு அறையிலும் வாத்தியங்கள் வேறு அறையிலும் இருப்பதுபோல் ஆகிறது. இதைச் சரிசெய்ய எந்த ஈக்யூ (குறிப்பிட்ட அலைவரிசைகளை மட்டும் கூட்டிக் குறைப்பது), எந்த கம்ப்ரசர் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது) வாங்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

ஒன்றும் வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய டிராக்குகளைப் புதுச்சேரியில் எங்கள் பதிவு அறையில் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். குறை ஈக்யூவில் இல்லை. நான்கு கித்தார்களும் ஒரே இடத்தில் நிற்பதிலும், அவற்றில் ஒன்று கித்தாரே அல்ல என்பதிலும்தான் இருக்கிறது.

அந்தப் போலிக் கித்தாரிலிருந்து தொடங்குகிறேன். இடப்பக்கம் ஓர் அக்கூஸ்டிக் (மின்சாரம் இல்லாத) கித்தாரின் ஸ்ட்ரம்மிங், அதாவது தந்திகளைச் சேர்த்து அடிப்பது, இருக்கிறது. வலப்பக்கம் இருப்பது அதன் நகல். அதை 12 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளி வைத்திருக்கிறீர்கள். ஹெட்போனில் இது அகலமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. முப்பது மில்லிசெகண்டு வரையிலான சிறு தாமதத்தோடு வரும் இரண்டாவது ஒலியை நம் காது எதிரொலியாகப் பிரித்துக் கேட்பதில்லை. முதலில் வந்ததோடு சேர்த்து ஒரே ஒலியாக எடுத்துக்கொள்கிறது, திசையையும் முதலில் வந்த பக்கமாகவே தீர்மானிக்கிறது. ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தம் ஆய்வேட்டில் விளக்கிய இந்த விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் இடமும் வலமும் ஒரே ஸ்பீக்கரில் ஒன்றாகக் கலக்கும்போது, ஒரே அலை 12 மில்லிசெகண்ட் இடைவெளியில் தன்மீதே விழுகிறது. அப்போது 83 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் இரட்டிப்பாகும்; அவற்றுக்கு நடுவே உள்ள 42, 125, 208, 292 போன்ற இடங்கள் அறுந்துபோகும். அலைவரிசைப் படத்தில் சீப்பின் பற்களைப் போலத் தெரிவதால் இதற்குச் சீப்பு வடிகட்டி என்றே பெயர்.

இனி உங்கள் கித்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தந்தியான ஈ 82.4 ஹெர்ட்ஸ், அது சரியாக மேட்டில் விழுகிறது. ஏ தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பியில்) உள்ள பி 123.5 ஹெர்ட்ஸ்; அது ஏறக்குறைய முழுவதுமாகப் பள்ளத்தில் விழுந்து 25 டெசிபலுக்கு அருகில் இறங்கிவிடுகிறது. அதன் ஒற்றைப்படை மடங்குகளுக்கும் இதே கதிதான். ஈ மைனர் கார்டு முழங்குவதும், பி செவன்த் வரும் இடத்தில் அடிக்குரல் காணாமற்போவதும் இதனால்தான். உங்கள் விரல் தடுமாறியதாக எண்ணி அந்தக் கார்டை மட்டும் ஆறு முறை வாசித்துப் பதிவு செய்ததாக எழுதியிருந்தீர்கள். விரலில் பிழை எதுவும் இல்லை. தாமதத்தை 12-லிருந்து 15-ஆக மாற்றினாலும் பள்ளங்கள் இடம் மாறுமே தவிர மறையா. எனவே அந்த நகலை அழித்துவிடுங்கள்.

அகலம் வேண்டுமானால் அதே பகுதியை மறுபடியும் வாசிக்க வேண்டும். மனிதன் இரண்டாவது முறை வாசிக்கும்போது ஒவ்வொரு அடியும் சில மில்லிசெகண்ட் முன்னோ பின்னோ விழும், தந்தியை அழுத்தும் விசை மாறும், சுருதி மயிரிழை நகரும். இந்த வேறுபாடுகள் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருப்பதால் எந்த ஓர் அலைவரிசையும் நிலையாக அறுபடுவதில்லை. ஒற்றை ஸ்பீக்கரிலும் இரண்டு கித்தார்கள் இரண்டு கித்தார்களாகவே நிற்கும். ஒருவர் ஒரே பகுதியை இருமுறை பாடியோ வாசித்தோ அடுக்கும் பழக்கம் ஒலிநாடா காலத்திலிருந்தே உண்டு. இரண்டாம் முறை பாடும் சலிப்பைத் தவிர்ப்பதற்காக, லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966-இல் ஒரு செயற்கை முறையைக் கண்டுபிடித்தார். அதிலும் இரண்டாவது நாடாவின் வேகத்தைச் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அசையாத நகல் பயன்படாது என்பது அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மறுபடி வாசிக்கும்போது அதே கார்டுகளை அதே வடிவில் பிடிக்காமல், ஏழாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் பிடிப்பான்) போட்டு வாசிக்குமாறு சொல்வேன். ஈ மைனருக்கு ஏ மைனர் வடிவம், சி-க்கு எஃப் வடிவம், ஜி-க்கு சி வடிவம், டி-க்கு ஜி வடிவம், பி செவன்த்துக்கு ஈ செவன்த் வடிவம். எல்லாம் நீங்கள் அறிந்த பிடிகள்தாம். கார்டு மாறாது, ஆனால் அடித்தந்தி 82-லிருந்து 123 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், மேல் தந்திகள் மேல் ஸ்தாயியில் மினுமினுக்கும். முதல் கித்தார் இடப்பக்கம் நிலமாகவும் இரண்டாவது வலப்பக்கம் அதன்மேல் பெய்யும் தூறலாகவும் இருக்கும். ஈக்யூவைத் தொடுவதற்கு முன்பே இரண்டும் பிரிந்துவிட்டன அல்லவா? பன்னிரண்டு தந்திக் கித்தாருக்கான தந்திகளில் மெல்லியவற்றை எடுத்துச் சாதாரணக் கித்தாரின் கீழ் நான்கு தந்திகளுக்குப் பதிலாகக் கட்டி, அவற்றை ஒரு ஸ்தாயி மேலே சுருதி சேர்க்கும் முறையும் உண்டு. நாஷ்வில் டியூனிங் என்பார்கள். உபரியாக ஒரு கித்தார் கையில் இருந்தால் அதையும் செய்து பாருங்கள்.

இப்போது மழைக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் ஆங்கிலப் பாடல்களை வைத்து எழுதப்பட்ட பாடங்களில் நம் எழுத்துகளைப் பற்றி எதுவும் இருப்பதில்லை.

கித்தாரின் ஆறு திறந்த தந்திகளும் 82-லிருந்து 330 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கின்றன. ஆண் குரலின் சுருதியும் ஏறத்தாழ அதே வட்டாரத்தில்தான் உலவுகிறது. ஆனாலும் சுருதி மோதுவதால் மட்டும் சொல் மறையாது. பாடகரும் கித்தாரும் ஒரே ஸ்வரத்தில் இருந்தாலும் சொல் புரியும். சொல்லை அடையாளம் காட்டுவது, வாயின் வடிவத்தால் அந்தச் சுருதிக்கு மேலே எழும் ஒத்ததிர்வு மேடுகள். ல, ள, ழ ஆகிய மூன்றையும் காது பிரித்தறிய முக்கியமாக உதவுவது அவற்றின் மூன்றாவது மேடு. ழகரத்தில் நாக்கு மேல்நோக்கி வளையும்போது அந்த மூன்றாவது மேடு தாழ்ந்து இரண்டாவது மேட்டை நெருங்கி வருகிறது. லகரத்தில் அது மேலேயே தங்கிவிடுகிறது. இந்த இறக்கம் நிகழும் இடம், பாடுபவரைப் பொறுத்து, சுமாராக ஒன்றரை முதல் மூன்று கிலோஹெர்ட்ஸ் வரை. உலோகத் தந்தியைப் பிக் கொண்டு அடிக்கும் ஸ்ட்ரம்மிங்கும், நான்காவது டிராக்கில் உள்ள உங்கள் டிஸ்டார்ஷன் (ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கிய) கித்தாரும் தங்கள் கூச்சலைக் கொட்டுவதும் அதே இடத்தில்தான். அங்கே திரை விழுந்துவிட்டால் ழகரத்தின் வளைவு காதுக்கு எட்டாது. எட்டியதை வைத்துக் காது தனக்குப் பழகிய ஒரு சொல்லைச் செய்துகொள்ளும். உங்கள் அக்காவின் காதில் குறையில்லை, உங்கள் உச்சரிப்பிலும் இல்லை. குரலைத் தனியாகக் கேட்டேன், ழகரம் தெளிவாகவே இருக்கிறது.

வல்லினத்துக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். க, ச, ட, த, ப, ற என்று தொடங்கும் அல்லது இரட்டிக்கும் இடங்களில் எழும் சிறு வெடிப்பு மிகக் குறுகியது. ஸ்ட்ரம்மிங் அடி அதே கணத்தில் விழுந்தால் விழுங்கிவிடும். நம் பாடல்களில் அசை பெரும்பாலும் தாளத்தின் மீதே உட்காருகிறது, கித்தார் அடியும் தாளத்தின் மீதே விழுகிறது. ஆகவே ஒவ்வொரு வல்லினமும் ஒவ்வோர் அடியோடு மோதுகிறது.

இதற்கு ஈக்யூவால் ஒரு தீர்வு உண்டு. கித்தார்களையெல்லாம் ஒரே குழுவில் சேர்த்து, இரண்டு கிலோஹெர்ட்ஸை ஒட்டி இரண்டு அல்லது மூன்று டெசிபல் அகலமாக இறக்கி, குரல் இருக்கும் வரிகளில் மட்டும் அந்த இறக்கம் வேலை செய்யுமாறு ஆட்டோமேஷன் எழுதலாம். பாடாத இடங்களில், குறிப்பாக இடையிசையில், கித்தார் தன் முழு ஒளியோடு திரும்பிவரும். கேட்பவருக்கு எதுவும் குறைக்கப்பட்டதாகத் தோன்றாது. இதைவிட நல்ல தீர்வு, சரணத்தில் ஆறு தந்தியையும் அடிக்காமல் இருப்பது. ஒரு கித்தார் நடுவில் உள்ள இரண்டு தந்திகளை மட்டும் உள்ளங்கையால் அணைத்து வாசிக்கட்டும். இன்னொன்று வரி முடியும் இடத்தில் மட்டும் பதில் சொல்லட்டும். நாதசுரமும் தவிலும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒருவர் நிறுத்த மற்றவர் தொடுக்கும் இந்த முறையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஜூன் 21 அன்று புதுச்சேரியில் நடக்கும் ஃபெத் தெ லா முசிக் விழாவுக்கு ஒருமுறை வந்து பாருங்கள். பிரான்சில் 1982-இல் தொடங்கிய அந்த இசை நாள் இங்கேயும் கொண்டாடப்படுகிறது. அங்கே தெருவில் வாசிக்கும் ஒரு குழுவின் மூன்று கித்தார்காரர்களும் ஒரே திறந்த கார்டை ஒரே ஸ்தாயியில் விளாசினால், அருகில் நின்று கேட்டாலும் பாட்டின் சொல் புரியாது. ஒருவர் அடிக்க, ஒருவர் இரண்டு தந்தியைத் தொட, மூன்றாமவர் காத்திருந்தால், சுமாரான பெட்டியிலும் தெரு முனை வரை சொல் போய்ச் சேரும். மிக்ஸிங் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நான் செய்யும் வேலையில் பாதி, அந்த மூன்றாமவரைப் பின்னாளில் காத்திருக்க வைப்பதுதான்.

கீழ்ப்பகுதிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேஸ் கித்தாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், அக்கூஸ்டிக் கித்தாரின் கூடு தானே முழங்கும் இடம் சுமார் 100 ஹெர்ட்ஸ். பேஸ் இருக்கும் பாடலில் அக்கூஸ்டிக்கின் அந்த முழக்கம் தேவையில்லை. 100 ஹெர்ட்ஸ் வாக்கில் ஹை பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள ஓசையை வெட்டும் வடிகட்டி) போட்டு, 200 முதல் 400 வரை கொஞ்சம் தளர்த்துங்கள். தனியாகக் கேட்டால் கித்தார் மெலிந்ததுபோல் தெரியும். தனியாக யாரும் அதைக் கேட்கப் போவதில்லை என்பதால் கவலைப்படாதீர்கள்.

டிஸ்டார்ஷன் கித்தார் பற்றி ஒன்று. ஆம்ப்பின் (ஒலிபெருக்கியின்) கெயினை, அதாவது ஒலியைச் சிதைக்கும் அளவை, நீங்கள் விரும்பும் அளவில் பாதியாக வைத்துப் பதிவு செய்யுங்கள். அறையில் தனியாக வாசிக்கும்போது கெயின் கூடக்கூட வலிமை கூடுவதாகத் தோன்றும். உண்மையில் அடியின் முனை மழுங்கி, எல்லா ஸ்வரமும் ஒரே உயரத்தில் தட்டையாகி, மிக்ஸில் ஒரு சீறலாக மட்டுமே எஞ்சும். குறைந்த கெயினில் இருமுறை வாசித்து இரு ஓரங்களிலும் வைத்தால் அதுவே பெரிய சுவராக நிற்கும். உங்கள் டிராக்கில் மெல்லிய ரீங்காரமும் இருக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் அலையாக்கும் பகுதி) நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் உறிஞ்சுகிறது. கணினித் திரையிலிருந்து விலகி, கித்தாரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஏதோ ஒரு கோணத்தில் ரீங்காரம் அடங்கும். அந்தக் கோணத்தில் உட்கார்ந்து வாசியுங்கள்.

அக்கூஸ்டிக் பதிவில் மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைத்திருக்கிறீர்கள் என்று ஒலியை வைத்தே சொல்ல முடிகிறது. அங்கே காற்றுதான் முட்டும். கழுத்து உடலோடு சேரும் பன்னிரண்டு, பதினான்காவது ஃப்ரெட் பக்கம், 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஒரு சாண் இடம் மாற்றினால் கிடைக்கும் வேறுபாட்டை எந்த ஈக்யூவாலும் தர முடியாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கட்டில் மெத்தையை முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தால் மாடி அறையின் கூரைத் தகர ஓசை பெரும்பாலும் அடங்கும். காக்கைகளுக்கு மாற்று இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் பதிவு செய்யுங்கள்.

கடலோரத்துக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். அக்கூஸ்டிக் கித்தாருக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் உகந்தது என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்று அந்தக் கணக்குக்கு எந்த வகையிலும் அடங்காது. பண்ருட்டிப் பலா மரத்தில் கடைந்த தஞ்சாவூர் வீணை இந்தக் காற்றோடு ஒத்துப்போய்விடும். கித்தாரின் முகப்போ மூன்று மில்லிமீட்டர் கனமே உள்ள ஸ்ப்ரூஸ், குளிர்நாட்டு மரம். ஈரத்தை உறிஞ்சி உப்பிக்கொள்ளும், தந்தி உயரும், சுருதியும் மேலே போகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால வாரத்தில், ஒரு குழுவுக்காக இடப்பக்கக் கித்தாரைத் திங்களன்று உலர்ந்த பகலிலும் வலப்பக்கக் கித்தாரை இரண்டு நாள் மழைக்குப் பிறகும் பதிவு செய்தேன். டியூனரை முதல் தந்தியில் மட்டும் பார்த்துவிட்டு, மற்றவை சரியாகவே இருக்கும் என்று தொடங்கியது என் பிழை. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டபோது கார்டு முழுவதும் கலங்கிய தண்ணீரைப் போல அலைந்தது. இரண்டு நாள் வேலையும் வீணாயிற்று. அன்றிலிருந்து இரட்டைப் பதிவுகளை ஒரே அமர்வில் முடிக்கிறேன், ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் ஆறு தந்தியையும் சுருதி பார்க்கிறேன். கித்தாரைப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். உப்புக்காற்றில் துரு ஏறிய தந்தியை மாற்றாமல் ஒளிரும் ஒலியை ஈக்யூவில் தேடாதீர்கள்.

கம்ப்ரசரைக் குரலுக்கு இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்: முதலாவது உச்சங்களை மட்டும் விரைவாகப் பிடிக்கட்டும், இரண்டாவது மெதுவாக மொத்தத்தையும் மூன்று டெசிபல் அளவில் தாங்கட்டும். அதற்கும் முன்னால், வரியின் கடைசி அசை அமுங்கும் இடங்களில் அளவைக் கையால் ஏற்றிவிடுங்கள். தமிழ்ப் பாடலில் வினைமுற்று பெரும்பாலும் அங்கேதான் வரும், அது கேட்காவிட்டால் வரி முடியாது. ஸ்ட்ரம்மிங்குக்குக் கம்ப்ரசர் வேண்டியதில்லை. ரிவெர்ப்பில் (கூடத்தில் பாடுவதுபோன்ற முழக்கத்தைச் சேர்ப்பதில்) 30, 40 மில்லிசெகண்ட் முன்தாமதம் வைத்தால் சொல் முதலில் வந்துவிடும், கூடத்தின் முழக்கம் பின்னால் வரும்.

சத்தம் பற்றிய அவசரம் உங்கள் கோப்பில் தெரிகிறது. லிமிட்டரை (உச்சங்களை ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் தடுப்பதை) நெருக்கி அலையைச் செங்கல்லாக்கியிருக்கிறீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அளவை) அளவுக்குக் கொண்டுவந்தே ஒலிக்கின்றன. நீங்கள் நெருக்கி ஏற்றியதை அவர்கள் இறக்கிவிடுவார்கள். நசுங்கிய டிரம்ஸ் மட்டும் நசுங்கியபடியே இருக்கும். உச்சத்தை மைனஸ் ஒரு டெசிபலில் நிறுத்தி, அலைக்கு மூச்சு விடுங்கள். மிக்ஸ் செய்யும்போதும் பேச்சுக் குரல் அளவுக்கே ஒலியை வைத்துக்கொள்ளுங்கள். ஒலி உரக்க இருக்கும்போது தாழ்ந்த ஓசைகள் காதுக்குக் கூடுதலாகத் தெரிகின்றன என்பதை ஃபிளெச்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். உரத்த ஒலியில் சரியாகத் தெரிந்த பேஸ், மெதுவாகக் கேட்பவருக்கு இல்லாமலே போகும்.

சோதித்துப் பார்க்க விலையுயர்ந்த ஸ்பீக்கர் தேவையில்லை. முதலில் மாஸ்டரில் (எல்லா டிராக்கும் சேரும் இடத்தில்) உள்ள மோனோ பொத்தானை, இடத்தையும் வலத்தையும் ஒன்றாக்குவதை, அழுத்திக் கேளுங்கள். பிறகு கைபேசியின் ஒற்றைச் சிறு ஸ்பீக்கர். அதில் கீழ் ஓசைகள் அநேகமாக வாரா, ஆகவே பேஸின் ஸ்வரம் அதன் மேல் மடங்குகளால் மட்டுமே புரிய வேண்டும். கடைசியாக, கடலூர் – புதுச்சேரி தனியார் பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து, உங்களோடு வருபவரின் கைபேசியில் ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே பல்லவி புரிந்தால் குரலின் அளவு சரி. நான் இன்றும் அரியாங்குப்பம் வரை போய்வந்துதான் ஒரு பாடலை முடித்துக் கொடுக்கிறேன். நடத்துநர்கள் என்னை விநோதமாகப் பார்ப்பதுண்டு.

வலப்பக்க நகலை அழித்து, கேப்போ போட்டு வாசித்த புதிய கித்தாரையும், பாதிக் கெயினில் இருமுறை வாசித்த டிஸ்டார்ஷனையும் 24 பிட் கோப்புகளாக, உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல், எந்த ஈக்யூவும் கம்ப்ரசரும் இன்றி அனுப்புங்கள். குரலை மறுபடி பாட வேண்டாம், இருப்பதே போதும். வந்ததும் ஃபேடர்களை மட்டும் அமைத்து ஒரு பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன். அதை உங்கள் அக்காவிடம் எதுவும் சொல்லாமல் அதே புளூடூத் பெட்டியில் போட்டுக்காட்டி, பல்லவியில் அவர் என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.